மொரிஸ் மைனரின் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய கார் 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார், நாலு கதவு, 1098 சிசி எஞ்சின். லண்டனுக்கு வெளியே இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் முன்சில்லு இரண்டுக்கும் டிரம்மைக் கழற்றி டிஸ்க் பூட்டினேன். அதற்குப் பிறகு மூன்று நண்பர்களின் மைனர்களிலும் பக்கத்தில் நின்று செய்திருக்கிறேன். இங்கும் ஊரிலும் மைனர் வைத்திருக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணை, டிரம் பிரேக்கில் அப்படி என்ன குறை? அப்பா காலத்தில் இதே பிரேக்கோடுதானே யாழ்ப்பாணம் முழுக்க ஓடினார்கள்?

ஓம், ஓடினார்கள். எங்கள் அப்பாவின் கறுப்பு மைனரும் அப்படித்தான் ஓடியது, யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலும் ஓடியது. ஆனால் யாழ்ப்பாணம் மேசை மாதிரி மட்டமான ஊர், அந்த ரோட்டில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்பதே வேகம், முன்னால் போனதும் பெரும்பாலும் சைக்கிளும் மாட்டு வண்டியும். அங்கே டிரம் பிரேக் சூடாக வாய்ப்பே இல்லை. அதே கார் கண்டி ரோட்டில் கடுகண்ணாவை இறக்கத்தில் ஆட்களோடு இறங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

பிரேக் செய்வது ஒரே வேலை, ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. ஆட்களோடு 900 கிலோ வரும் மைனரை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வருகிற வெப்பம், அரை லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். டிரம் என்பது மூடிய சட்டி, அதற்குள் ஷூ என்ற வளைந்த துண்டுகள், மேலே லைனிங் என்ற உராயும் பட்டியோடு, சட்டியின் சுவரில் அழுத்தும். வெப்பம் உள்ளேயே நிற்கும். இரும்பு சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் கீழே கீழே போகும், லைனிங்கும் ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கும். டிஸ்க் என்ற தட்டு காற்றில் திறந்து சுழல்கிறது, அதைக் காலிப்பர் என்ற கவ்வி இரண்டு பேட்டுகளால் இறுக்கிப் பிடிக்கும். சூடானால் அது பேட்டை நோக்கித் தடிக்குமே தவிர விலகிப் போகாது. அடிப்படை வித்தியாசம் இதுதான்.

டிஸ்க் போட்டால் கார் இன்னும் குறைந்த தூரத்தில் நிற்குமா?

முதல் தடவை மிதிக்கும்போது பெரிய வித்தியாசம் இருக்காது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம், ஆனால் உண்மை இதுதான். நன்றாகச் செட் செய்த 8 அங்குல டிரம் ஒரு மைனரின் சில்லைச் சுழலவிடாமல் பூட்டும் அளவுக்குப் பிடிக்கும். சில்லு பூட்டிய பிறகு காரை நிறுத்துவது ரயர்தான். பத்து வருடப் பழைய, கல்லாக இறுகிப்போன ரயரோடு உலகத்திலேயே விலை கூடின டிஸ்க்கைப் பூட்டினாலும் ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டுதான் போவீர்கள். காசு குறைவென்றால் முதலில் நான்கு நல்ல ரேடியல் ரயர் வாங்குங்கள், 145க்கு 14 போதும்.

டிஸ்க்கின் பலன் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மிதிப்பில் தெரியும். முதல் மிதிப்பு எப்படியோ அப்படியே ஐந்தாவதும் இருக்கும். காரும் நேராக நிற்கும். டிரம்மில் ஒரு பக்கம் கொஞ்சம் ஈரமோ கிறீஸோ பட்டால் கார் மற்றப் பக்கம் இழுக்கும், மழையில் ஒரு வெள்ளக் குழிக்குள் போய் வந்தால் முதல் மிதிப்பில் பிரேக்கே இல்லாத மாதிரி இருக்கும். இங்கே எம்25 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் புதுக் கார் திடீரென்று நின்றால், சில்லு பூட்டாமல் தடுக்கும் அதன் ஏபிஎஸ்ஸோடு உங்கள் டிரம் போட்டி போட வேண்டும். நான் மாற்றியதற்குக் காரணம் அந்த ரோடுதான், வேறொன்றும் இல்லை.

அப்படியென்றால் உடனே டிஸ்க் கிட் (பூட்டத் தேவையான பாகங்களின் செட்) ஒன்றை வாங்கவா?

வேண்டாம். முதலில் இருக்கிற டிரம்மைச் சரி செய்யுங்கள். "பிரேக் பிடிக்கவில்லை, டிஸ்க் போட வேண்டும்" என்று என்னிடம் வந்த கார்களில் பாதிக்கு மேல் அட்ஜஸ்ட் செய்யாத டிரம்தான் பிரச்சினை. மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர் (ஷூவை டிரம்முக்கு நெருக்கும் திருகு), பின்சில்லுக்கு ஒன்று. சில்லைக் கழற்றி, டிரம்மில் இருக்கும் ஓட்டையை அட்ஜஸ்டருக்கு நேராகச் சுற்றி வைத்து ஸ்குரூ டிரைவரால் திருப்ப வேண்டும். முன்சில்லில் இரண்டாவது அட்ஜஸ்டர் இருப்பதே தெரியாமல் பல வருடம் ஒன்றை மட்டும் திருப்பியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி வழி அடைபட்டிருக்கும். மிதித்தால் பிரேக் ஒயில் போகும், விட்டால் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். பின்னால் ஆக்சில் சீல் கசிந்து லைனிங்கில் ஒயில் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு காரை ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் போதாது என்று தோன்றினால் டிஸ்க் போடுங்கள். இல்லையென்றால் அந்தக் காசு மிச்சம்.

ட்ரனியன் பற்றி நீங்கள் எப்போதும் சொல்கிறீர்களே, அதற்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு?

நிறையவே இருக்கிறது. மைனரின் முன்சில்லைத் தாங்குவது ஒரு நிமிர்ந்த தண்டு. அதன் மேலும் கீழும் திருகுப் புரி வெட்டிய ட்ரனியன்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்தப் புரிக்குள் சுழல்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் கீழ் ட்ரனியன் கழன்று, சில்லு மடிந்து காருக்குள் சாயும். மைனர்காரர் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நடக்கும், அதனால் பலர் தப்பியிருக்கிறார்கள்.

டிஸ்க் போட்டால் பலமாக, அடிக்கடி பிரேக் பிடிப்பீர்கள். அந்தப் பாரம் முழுவதும் இந்தத் தண்டு வழியாகத்தான் போகிறது. தேய்ந்த ட்ரனியனில் புது டிஸ்க்கைப் பூட்டுவது, கறையான் அரித்த தூணில் புதுக் கூரை போடுவது மாதிரி. ஒரு நண்பரின் காரில் டிரம்மைக் கழற்றிவிட்டு, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிற மாதிரி ஹப்பை (சில்லு பூட்டும் நடுப் பாகம்) பிடித்து ஆட்டினேன். கீழே "டக் டக்" என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் புரியின் முகடுகள் கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தன. கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். அந்தக் காரில் அவர் தன் பிள்ளைகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர்.

ஆகவே கிட்டுக்குக் காசு கட்டும் முன் ட்ரனியன், பேரிங், மேலே இருக்கும் லீவர் ஆர்ம் டாம்பர் (குலுக்கலை அடக்குவது) மூன்றையும் பாருங்கள். ட்ரனியன் வாங்கும்போது இடது வலது கவனம், புரி இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் வெட்டியது.

என்னுடையது 948 சிசி. 7 அங்குல டிரம். எனக்கும் டிஸ்க்தான் வழியா?

உங்களுக்கு நடுவில் இன்னொரு வழி உண்டு. 1962இல் 1098 எஞ்சின் வந்தபோது கம்பனியே முன் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியது. அந்தப் பெரிய டிரம்மை, பின்தகடு (ஷூ உட்காரும் தகடு), ஷூ, வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளுவது) எல்லாவற்றோடும் ஒரே செட்டாக எடுத்துப் பூட்டலாம். வெளியே பார்த்தால் காரின் தோற்றம் மாறாது. வார இறுதியில் மட்டும் எடுத்து, கிராமத்து ரோட்டில் ஓட்டும் காருக்கு இதுவே தாராளம் என்பது என் எண்ணம். மலை நாட்டில் ஓட்டுகிறவர்களும் நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்களும் டிஸ்க்குக்குப் போகலாம்.

எந்த மாதிரிக் கிட் வாங்குவது?

முந்தி இங்கே எல்லோரும் மொரிஸ் மரீனாவைத் தேடிப் போனார்கள். 1971இல் மைனருக்குப் பிறகு வந்த மரீனாவின் முன் சஸ்பென்ஷன், மைனரின் டோர்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) அமைப்பின் வழி வந்தது. அதனால் பழைய இரும்புக் கடையில் மரீனா கிடைத்தால் அதன் டிஸ்க்கையும் காலிப்பரையும் கழற்றி மைனருக்குப் பொருத்தினார்கள். இப்போது மரீனாவே மைனரைவிட அரிதாகிவிட்டது. கிடைக்கும் பழைய காலிப்பரும் துருப்பிடித்து இறுகியிருக்கும். அந்த வழியை நான் இனிச் சொல்வதில்லை.

இப்போது விற்கும் கிட்டுகள் பெரும்பாலும் மைனரின் சொந்தத் தண்டையும் ட்ரனியனையும் அப்படியே விட்டுவிட்டு, டிரம்மின் பின்தகடு இருந்த அதே போல்ட் ஓட்டைகளில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைப் பூட்டி, அதில் ஃபோர்ட் போன்ற சாதாரணக் காரின் காலிப்பரைத் தொங்கவிடுகிற வகை. இதுதான் நல்லது. வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: காலிப்பர், பேட், டிஸ்க் மூன்றும் எந்தக் காருடையவை, என்ன ஆண்டு? இதற்கு நேரான பதில் தராதவரிடம் வாங்காதீர்கள். ஐந்து வருடம் கழித்துப் பேட் தேயும்போது எதைக் கேட்டு வாங்குவீர்கள்? பதிலை எழுதி, காரின் புத்தகத்துக்குள் வையுங்கள்.

என் பழைய சில்லுகள் பொருந்துமா?

சில கிட்டுக்குப் பொருந்தும், சிலதுக்குப் பொருந்தாது. மைனர் சில்லு 14 அங்குலம், ஆனால் ஒடுக்கமானது, உள்ளே காலிப்பருக்கு இடம் குறைவு. காலிப்பரின் முதுகில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, சில்லைப் பூட்டி, கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பாருங்கள். களிமண் எவ்வளவு தடிப்பில் மிச்சமிருக்கிறதோ அதுதான் உங்கள் இடைவெளி. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் ஓட்ட மாட்டேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள், ஹோஸ் எங்கேயாவது உரசுகிறதா என்று.

ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை துடையுங்கள். ஒரு மணல் அளவு துரு இருந்தாலும் டிஸ்க் நெளிந்து சுழலும், பெடல் காலுக்குள் துடிக்கும்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டுமா? அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடல் மிதிப்பை ஒயில் அழுத்தமாக்கும் உருளை. டிரைவரின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், சேஸிக் காலுக்குள் (தரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் தரையில் ஒரு மூடி, அதற்குள்ளால்தான் ஒயில் விட வேண்டும். அதனால்தான் பலர் பல வருடம் ஒயில் பார்ப்பதே இல்லை. கழற்றுவதும் கஷ்டம். சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டை இழுத்தால் பக்கத்தில் ஓடும் டோர்ஷன் பார் தடுக்கும். ஒருமுறை கழற்றினீர்களென்றால், திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மற்றப் பக்கத்தால் விடுங்கள். அடுத்த தடவை உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். டிரம் காலத்து மாஸ்டர் சிலிண்டருக்குள், ஸ்பிரிங்கின் கடைசியில், ஒரு சிறிய வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும், வீல் சிலிண்டரின் ரப்பர் கிண்ணம் சரியாக விரிந்து காற்று உள்ளே போகாமல் இருப்பதற்காக. டிரம்முக்கு அது நல்லது, ஷூவை ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் இழுக்க ஸ்பிரிங் இல்லை. அந்த அழுத்தம் பேட்டை டிஸ்க்கோடு எப்போதும் உரசவைக்கும். பத்து மைல் ஓடியதும் டிஸ்க் நீலமாகச் சூடேறும், ஒயில் கொதிக்கும், பிரேக்கே இல்லாமல் போகும். கிட் வழிகாட்டியில் அந்த வால்வைக் கழற்றச் சொல்லியிருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். இந்த ஒரு வரியை வாசிக்காமல் விட்டதால் புது டிஸ்க்கை நாசமாக்கியவர்கள் உண்டு.

அதற்காக அழுத்தமே வேண்டாம் என்றும் இல்லை. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் தாழ்வாக இருப்பதால், காரை நிறுத்தி வைத்தால் காலிப்பரில் இருந்து ஒயில் மெல்லத் திரும்பி இறங்கலாம். அப்போது காலையில் முதல் மிதிப்பு தரை வரை போகும், இரண்டாவது மிதிப்பு சரியாக இருக்கும். அதற்கு 2 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மட்டும் பிடித்து வைக்கும் சிறிய வால்வு விற்கிறார்கள், குழாயின் நடுவில் பூட்டுவது. டிரம்முக்கு உரியது 10 பிஎஸ்ஐ. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாறிப் பூட்டினால் மேலே சொன்ன கதைதான்.

சர்வோ கட்டாயமா? என் மனைவியும் இந்தக் காரை ஓட்டுகிறார்.

சர்வோ என்பது பெடல் மிதிப்புக்குப் பலம் கூட்டும் கருவி. கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் வீட்டுக் காரென்றால் நான் போடுவேன்.

மைனரின் முன் டிரம்மில் இரண்டு ஷூவும் டிரம் சுழலும் திசையிலேயே உள்ளே இழுபடும்படி அமைத்திருக்கிறார்கள். டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். காலுக்குப் பாதி வேலையை அதுவே செய்கிறது. (இதே காரணத்தால் பின்னோக்கி உருளும்போது முன் டிரம் சரியாகப் பிடிக்காது. என் வீட்டு வாசல் சரிவில் ரிவர்ஸில் இறங்கும்போது அந்த நாட்களில் ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்து இழுப்பேன்.) டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேட் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடி. அதனால்தான் டிஸ்க் போட்டவர்கள் "முந்தியதைவிடப் பெடல் கனம்" என்று முறைப்பாடு சொல்கிறார்கள். பிழையாகப் பூட்டியதால் வரும் கனம் இல்லை அது.

கணக்கைப் பாருங்கள். காலால் 20 கிலோ மிதிக்கிறீர்கள், பெடல் நெம்புகோல் அதை 5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம், 100 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 7/8 அங்குலம், பரப்பு கிட்டத்தட்ட 3.9 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 26 கிலோ அழுத்தம். காலிப்பர் பிஸ்டன் 54 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 23, பேட்டில் விழுவது ஏறத்தாழ 590 கிலோ. இதே இடத்தில் 3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டர் போட்டால் அழுத்தம் ஒரு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், ஆனால் பெடல் போகும் தூரமும் அதே அளவு கூடும். ஒன்றைக் கூட்டினால் மற்றது நீளும், இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. சர்வோ மட்டும்தான் பெடலை நீட்டாமல் பலத்தைக் கூட்டும், எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தை எடுத்து.

இன்டேக் மனிஃபோல்டில் ஒரு குழாய் எடுத்து, பொனட்டுக்குக் கீழே தனியாக நிற்கும் சர்வோவைப் பூட்டலாம். எஞ்சின் நின்றால் சர்வோவும் நின்றுவிடும், பெடல் கல்லாகும், ஆனால் பிரேக் இருக்கும். வீட்டில் ஓட்டுகிற எல்லோரையும், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கனம் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய காரில் ஒரே குழாய்த் தொடர்தானே. அதையும் மாற்றலாமா?

மாற்றலாம், நான் மாற்றினேன். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே தொடர். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். செலவும் வேலையும் கூடத்தான். டிஸ்க்கா இரட்டைத் தொடரா, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன்.

பின் பிரேக்கும் ஹேண்ட்பிரேக்கும்?

பின்னால் 7 அங்குல டிரம் அப்படியே இருக்கட்டும். பலமாகப் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும், பின்சில்லு லேசாகும், அதற்கு அந்தச் சின்ன டிரம்மே போதும். முன்சில்லுக்கு முந்திப் பின்சில்லு சுழலாமல் பூட்டிக்கொண்டால்தான் ஆபத்து, கார் சுழன்றுவிடும். வெறுமையான ஈர மைதானத்தில் மெதுவான வேகத்தில் பலமாக மிதித்து, வெளியே ஒருவரை நிறுத்தி எது முதலில் பூட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் பின் டிரம்மில்தான் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது.

குழாய், ஹோஸ் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

புரி! இது ஒன்றுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பழைய பிரிட்டிஷ் காரின் குழாய் நட் 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவுப் புரி). புதிய காலிப்பரில் இருப்பது அனேகமாக 10 மில்லிமீட்டர் மெட்ரிக். 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர், புரியின் நெருக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அங்குல நட் மெட்ரிக் ஓட்டைக்குள் விரலாலேயே போய்விடும். போகும்போது கொஞ்சம் லூசாக ஆடும், அதுதான் எச்சரிக்கை. சாவி போட்டு இறுக்கினால் இறுகுகிற மாதிரியும் இருக்கும், பிறகு ஒரு நாள் பலமாக மிதிக்கும்போது புரியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கிட்டோடு வரும் ஹோஸின் ஒரு முனை அங்குலமாகவும் மறு முனை மெட்ரிக்காகவும் இருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு இணைப்பையும் முதலில் விரலால் பூட்டி, ஆடுகிறதா என்று பாருங்கள்.

குழாய் புதிதாகப் போடுவதென்றால் செம்பு நிக்கல் கலந்தது வாங்குங்கள், துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம்.

பழைய ஷூவைக் கழற்றும்போது அந்தத் தூசியை ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், இங்கே 1999இல்தான் தடை வந்தது. ஈரத் துணியால் துடைத்து, பைக்குள் கட்டி எறியுங்கள்.

எந்த ஒயில்?

டாட் 4 என்ற தரப் பிரேக் ஒயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், ஏனென்றால் அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155க்கு இறங்குகிறது. சிலர் பெயின்ட் கெடாது என்று சிலிக்கோன் டாட் 5 போடுகிறார்கள். போடலாம், ஆனால் பழையதோடு ஒருபோதும் கலக்கக் கூடாது.

குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுத்தும் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. என்ன பிழை?

காலிப்பரைப் போய்ப் பாருங்கள். காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழேயா?

இது எனக்கு நடந்தது. இரவு ஏழு மணிக்குத் தொடங்கினேன். மகன் பெடலில், நான் கீழே போத்தலோடு. "மிதி, பிடி, விடு" என்று ஒரு லீற்றர் ஒயில் முடிந்தது. குமிழே வரவில்லை, ஆனால் பெடல் மெத்தை மாதிரி. இரண்டாவது போத்தலையும் உடைத்தோம். பதினொரு மணிக்கு டோர்ச்சை வைத்து நேராகப் பார்த்தபோதுதான் கண்டேன், நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் பூட்டியிருக்கிறேன். போல்ட் ஓட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் தடையே இல்லாமல் பூட்டிவிட்டது. காற்று எப்போதும் மேலே நிற்கும், கீழே இருக்கும் நிப்பிளால் அது வரவே வராது. அடுத்த நாள் காலை மாற்றிப் பூட்டினேன், பத்து நிமிடத்தில் பெடல் கல் மாதிரி நின்றது. காலிப்பரைக் கையில் எடுத்ததும் நிப்பிள் வானத்தைப் பார்க்கிறதா என்று பாருங்கள், பிறகு போல்ட்டை எடுங்கள்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறதென்றால் பின் டிரம்மை அட்ஜஸ்ட் செய்தீர்களா என்று பாருங்கள். பின் ஷூ தூரத்தில் நின்றால் பெடலில் பாதி அங்கேயே போய்விடும். வரிசையாக, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து தொடங்குங்கள். ஸ்டியரிங் வலதில் இருக்கும் நம் காருக்கு அது பின் இடது.

பூட்டி முடித்த அன்றே தூரப் பயணம் போகலாமா?

கூடாது. புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். வெறும் ரோட்டில் 50 கிலோமீட்டரிலிருந்து 15 வரை நிதானமாகக் குறைப்பது, பிறகு கொஞ்சம் ஓடி ஆறவிடுவது, இப்படிப் பத்துத் தடவை. சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், பேட்டின் அடையாளம் டிஸ்க்கில் பதியும். வீட்டுக்கு வந்து சில்லைத் தொடாமல் பக்கத்தில் கையை வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு வர வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பேட் உரசுகிறது.

100 மைல் ஓடியதும் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

இங்கே பிரிட்டனில் சட்டம் என்ன சொல்கிறது?

40 வயது தாண்டிய கார், பெரிய மாற்றம் செய்யாதது என்றால் எம்ஓடி என்ற வருடாந்தர வாகனப் பரிசோதனை கட்டாயம் இல்லை. பாதுகாப்புக்காகப் பிரேக்கை டிஸ்க்காக்குவது அந்தப் பெரிய மாற்றங்களுக்குள் வராது. சஸ்பென்ஷனையோ ஸ்டியரிங்கையோ வேறு வகைக்கு மாற்றினால் கதை வேறு. ஆனால் இன்சூரன்ஸ் கம்பனிக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், எழுத்தில். கட்டாயம் இல்லையென்றாலும் டிஸ்க் பூட்டிய பிறகு ஒரு எம்ஓடி கராஜில் காசு கொடுத்துப் பரிசோதிப்பது நல்லது. அங்கே உருளைகளில் ஏற்றி ஒவ்வொரு சில்லின் பிடியையும் இலக்கத்தில் காட்டுவார்கள். என் காரின் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நானே செய்யலாமா, மெக்கானிக்கிடம் கொடுப்பதா?

பிரேக் ஷூ மாற்றிப் பழக்கம் உண்டென்றால் செய்யலாம். எனக்கு இரண்டு வார இறுதி எடுத்தது, அதில் ஒரு முழு நாள் துருப்பிடித்த நட்டுகளோடு. முன்னர் பிரேக்கையே கழற்றாதவர் என்றால் இதில் தொடங்காதீர்கள் தம்பி, முதலில் ஒரு பின் டிரம்மைக் கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டு ஒருபோதும் கீழே போகாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். யார் செய்தாலும் இன்னொருவர் கண்ணால் கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கழற்றிய டிரம்மையும் ஷூவையும் என்ன செய்வது?

எறியாதீர்கள், விற்கவும் வேண்டாம். பின்தகடு, டிரம், சிலிண்டர் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் ஒயில் பூசி, இடது வலது என்று துண்டு எழுதிக் கட்டி, ஒரு பெட்டியில் வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எடுத்த அந்தச் சின்ன வால்வையும் ஒரு உறையில் போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள். காரை ஒரு நாள் உங்கள் பிள்ளையோ வேறு யாரோ பழையபடி ஆக்க நினைத்தால், அந்த வால்வு இல்லாமல் டிரம் சரியாக வேலை செய்யாது, அது எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியவும் போவதில்லை.